திரையின் மறுபக்கத்துப் பேய்

எட்டாம் வகுப்போடு நின்றவள் சினிமாவைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்; ஆனாலும் நனைந்த வெள்ளைத் துணியின் வாசனை எங்கிருந்தாவது வந்தால் எனக்கு அறுபதுகளின் தாராவிதான் கண்ணில் விரிகிறது.

கோயில் கொடைத் திருவிழாவுக்கு எங்கள் "சால்" என்னும் வரிசைவீடுகளின் முன்னால் துணி கட்டிப் படம் போடுவார்கள். ஆண்கள் முன்னால், பெண்கள் துணிக்குப் பின்னால். எங்களுக்கும் படம் தெரியவேண்டும் என்று துணியில் தண்ணீர் தெளிப்பார்கள். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் புரண்டு வரும். வாசிப்பவர்கள் குறைவு என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்தியதில்லை. ஒலிபெருக்கியும் ஆண்கள் பக்கம்தான். வசனம் எங்களுக்கு அடுத்த வீட்டுப் பேச்சுபோல மங்கலாகத்தான் வரும்.

அந்த வருடம் பேய்ப் படம். பேயை முழுதாகக் காட்டவே இல்லை. ஒரு பெண் விளக்கோடு மெல்ல நடந்து வருகிறாள். இடப்பக்கத் தூணின் ஓரத்தில் விரல் அகலத்துக்கு வெள்ளைப் புடவை. எங்களுக்குத் தெரிகிறது, அவளுக்குத் தெரியவில்லை. பாட்டு நின்று கொலுசு மட்டும் கேட்டு, பிறகு அதுவும் நின்றபோது அக்கா என் கையைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது. பேயைவிட அந்தத் தூண்தான் வெகுகாலம் என் கனவில் வந்தது.

அப்பாவுக்கு மில்லில் "ராத்பாளி", அதாவது இரவு வேலை; விடிந்தால்தான் வருவார். அம்மா நிறைமாதம். பெண்கள் வரிசையில் ஆண்கள் நிற்க முடியாது என்பதால், விடியுமுன் குழாயடிக்குப் போவது அக்கா வேலை. பேய் இடப்பக்கம் என்பதால், இருட்டுச் சந்தில் வலப்பக்கச் சுவரை உரசியே அவள் போய்வந்தாள். ஒருநாள் வேலை முடிந்து சீக்கிரமே திரும்பிய அப்பா எதிரே வந்துவிட்டார்.

"ஏட்டி, எதுக்குச் செவத்த ஒரசிட்டுப் போற?"

"இடப்பக்கம்லாப்பா பேய் நின்னுச்சு."

"கொடைக்கு லீவு போட்டு நான் முன்னால இருந்துலா பாத்தேன். அது வலப்பக்கம்லா நின்னுச்சு."

துணிக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு இடம் வலமாகிவிடும் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. இத்தனை நாளும் பேயின் தோளை உரசிக்கொண்டல்லவா அக்கா போயிருக்கிறாள்! பாதி வழியில் திரும்பி வந்து, காலிக் குடத்தை வைத்துவிட்டுச் சுருண்டு படுத்தாள். அப்பா அதட்டியும் எழவில்லை. அம்மா குடத்தை எடுத்து, மறுகையால் வயிற்றைத் தாங்கியபடி இருட்டில் இறங்கிப் போனாள்.

இன்று அந்தச் சந்து இல்லை. பேய்ப் படம் வீட்டுப் பெட்டியிலேயே வருகிறது. எல்லோரும் ஒரே பக்கம் உட்கார்ந்து பார்க்கிறோம்.

அம்மா தண்ணீர் சுமந்ததற்கு மறுநாள், அக்கா சந்தின் நடுவில் ஓடும் சாக்கடைக்கு இருபுறமும் கால் அகட்டி வைத்து நடந்துபோய், தண்ணீர் எடுத்து வந்தாள்.