கதிரைப் பலகையில் நான் போட்ட முடிச்சு

கதிரைப் பலகை என்று அதற்குப் பெயர் வைத்தது என் மகள். கொண்டுவந்தவர்கள் ஏதோ இங்கிலீசுப் பெயர் சொன்னார்கள், அது என் வாயில் நிற்கவில்லை. அகலமான ஒரு பலகை. நடுவில் கம்பியால் செய்த இருக்கை. முன்னால் பாதத்தைச் செருக ஒரு வளையம். கால் வழங்காதவர்களை அதில் இருத்தி, இடுப்பைப் பட்டியால் கட்டி, மோட்டர்ப் படகுக்குப் பின்னால் கயிறு போட்டு இழுப்பார்கள். கடல் உள்ளே வந்து கிடக்கிற களப்புத் தண்ணீர் மேல் பலகை வழுக்கிக்கொண்டு போகும்.

சண்டை முடிந்து சில வருசம் கழிந்து, கற்பிட்டிப் பக்கம் பெரிய பட்டம் பிடித்துத் தண்ணீர் மேல் காற்றில் விளையாட வெளிநாட்டுக்காரர் வரத் தொடங்கிய காலம் அது. அப்படி வந்த ஒரு புருசனும் பெண்சாதியும் அந்தப் பலகையை இங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். நம்ம ஆட்கள் நாலைந்து பேர் சம்பளம் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி அதை நடத்தினார்கள். விடிந்து காற்று எழும்புவதற்கு முந்திய முதல் மணித்தியாலம் பெண்களுக்கு.

என் மகளுக்கு மூன்று வயதில் கால் போனது. சண்டை நேரம் மன்னாரில் இருந்து முஸ்லிம்கள் எங்களைத் துரத்தி, நாங்கள் இந்தக் கரைக்கு வந்து ஓலைக் கொட்டிலில் கிடந்த அடுத்த வருசம் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, காலின் பலத்தையும் கொண்டு போனது. உணர்ச்சி இருக்கிறது, எறும்பு கடித்தால் தெரியும், எழும்பி நிற்கத்தான் ஏலாது. அவளுடைய வாப்பா அதற்கு முன்பே மௌத்து. நான் நுரைச்சோலையில் வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போய் அவளை வளர்த்தேன். பன்னிரண்டு வயது வரை என் இடுப்பில்தான் பள்ளிக்கூடம் போனாள். ஒருவர் வீட்டு வாசலிலும் நான் போய் நின்றதில்லை. அவளுடைய கால்களை, சுள்ளி மாதிரி இருக்கும் அந்தக் கால்களை, ஒருத்தர் கண்ணிலும் படவிட்டதில்லை. பெருநாளைக்கும் நீளப் பாவாடைதான், வீட்டில் ஆள் வந்தால் மடியில் போர்வை. பரிதாபப்பட்டு ஒருத்தர் "ச்சு" கொட்டுவதை என்னால் தாங்க ஏலாது.

அவள் வளர்ந்து கையால் சுற்றும் தையல் மெசினில் உடுப்புத் தைத்து ஊருக்குள் பேர் எடுத்தாள். வாயும் வளர்ந்தது. அவளைத் தேடித்தான் அந்தச் சிலாபத்துப் பிள்ளை வந்தது. பிள்ளை என்றாலும் முப்பத்தைந்து வயது இருக்கும். சிங்களப் பெண், ஆஸ்பத்திரியில் தாதி. வார்டில் படித்த தமிழ். லீவு நாளில் இந்த வேலைக்கு வருகிறவள். முதல் நாளே, என் மகள் கூப்பிடுவதைப் பார்த்து அவளும் என்னை உம்மா என்று கூப்பிட்டாள்.

"உம்மா, பயம் வேணாம். நான்தான் கட்டி விடுறது. நான்தான் பக்கத்தில வாறது."

"எங்கட புள்ளைக்கு இந்தக் கூத்தெல்லாம் தேவையில்ல" என்றேன்.

மகள் மெசினை நிற்பாட்டினாள். "உம்மா, எனக்கு வயசு இருபத்தெட்டு. கூத்து ஆடுறதா இல்லையா எண்டு நான் சொல்றன். ஞாயிற்றுக்கிழமை ஓட்டோவுக்குச் சொல்லுங்க."

நான் சொன்னேன். வேறு என்ன செய்ய?

முதல் பாடம் கவிழ்வது. எனக்கு அது விசராகத்தான் பட்டது. இடுப்பளவு தண்ணீரில் பலகையை வேண்டுமென்றே புரட்டுவார்கள். உள்ளே இருக்கிறவள் இடுப்பில் இருக்கிற சிவப்புப் பட்டியை ஒரு இழுவை இழுக்க வேண்டும். கட்டு விட்டுவிடும், மிதவைச் சட்டை ஆளை மேலே தூக்கிவிடும். பத்துத் தரம் புரட்டினார்கள். பத்துத் தரமும் என் மகள் மூக்கால் தண்ணீர் விட்டுக்கொண்டு சிரித்தபடி மேலே வந்தாள். "கட்டினது எல்லாம் ஒரு இழுவையில விடணும், உம்மா" என்று தாதிப் பிள்ளை எனக்கும் காட்டித் தந்தாள். நான் தலையை ஆட்டினேன். விளங்கவில்லை என்று இன்றைக்கு நான் பொய் சொல்லமாட்டேன். எனக்கு நல்லா விளங்கியது.

இரண்டாம் கிழமை ஞாயிறு படகு இழுத்தது. அவள் போன வேகத்தில் களப்புக் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது. திரும்பி வந்தபோது அவளுடைய காற்சட்டைத் துணி தண்ணீரில் சுருண்டு முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. படகோட்டி பார்த்தான். கரையில் நின்ற இரண்டு மூன்று பேரும் பார்த்தார்கள். ஒருத்தி "ச்சு" கொட்டினாள். 

வீட்டுக்கு வந்து சொன்னேன். "இனிப் போறதெண்டா காலை மூடிப் போகணும். மார்க்கம் எண்டு ஒண்டு இருக்கு."

"நான் காலோட ஒட்டினாப்போல ஒரு காற்சட்டை தைக்கிறன். அடியில ரப்பர் வச்சா ஏறாது."

"ஒட்டினாப்போலயா? காலுட மெலிவு அப்படியே தெரியும்."

"அப்ப மார்க்கம் இல்லையே உம்மா உங்களுக்குப் பிரச்சினை" என்று சொல்லிவிட்டு அவள் மெசினைச் சுற்றத் தொடங்கினாள்.  

மூன்றாம் கிழமை, ஓட்டோவில் வந்து இறங்கி, சவுக்கு மரத்தடியில் மறைப்புக்குள் அவளுக்கு உடுப்பு மாற்றும்போது, என் பழைய நூல் சேலையில் கிழித்த இரண்டு முழத் துண்டை எடுத்தேன். தாதிப் பிள்ளை அவளை இருக்கையில் இருத்தி, பட்டி போட்டு, பாத வளையத்தைப் பார்த்து, மிதவைச் சட்டை எடுக்கப் போன கொஞ்ச நேரத்தில், துணி மேலே ஏறாதபடி காற்சட்டையோடு சேர்த்து இரண்டு கெண்டைக்காலையும் இருக்கைக் கம்பியோடு கட்டி, தளர்ந்த துணியை முடிச்சு மேல் இழுத்துவிட்டேன். வெங்காயச் சாக்கு வாய்க்குப் போடுகிற முடிச்சு. தோட்டத்தில் துணியை நனைத்துத்தான் அந்த முடிச்சைப் போடுவோம், ஏனென்றால் நனைந்தால் இறுகும், லொறியில் எவ்வளவு குலுங்கினாலும் விடாது. இருபது வருசம் போட்ட முடிச்சு, கை தானாகப் போட்டது.

"உம்மா, வேணாம்" என்றாள் மகள், மெதுவாக.

"அப்ப இறங்கு. வீட்டுக்குப் போவம்."

அவள் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு இருக்கைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

படகு ஒரு சுற்றுப் போய்த் திரும்புகிற இடத்தில் பலகையின் ஓரம் தண்ணீரைக் குத்தியது. கவிழ்ந்தது. பக்கத்தில் சின்ன வள்ளத்தில் வந்த தாதிப் பிள்ளை அந்த நொடியே குதித்தாள். பலகையின் அடி மட்டும் எனக்குத் தெரிந்தது. சிவப்புப் பட்டி கையில் வந்திருக்கிறது, இடுப்பு விட்டிருக்கிறது, கால் விடவில்லை. மிதவைச் சட்டை மேலே இழுக்க, கம்பி கீழே இழுக்க, என் மகள் தண்ணீருக்குள் தலைகீழாக நின்றிருக்கிறாள். படகோட்டியும் குதித்து, இரண்டு பேருமாகப் பலகையோடு சேர்த்து அவளைப் புரட்டினார்கள். அப்படியே கரைப் பக்கம் இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

நான் உடுத்த உடுப்போடு தண்ணீருக்குள் ஓடினேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். மற்ற எல்லோரும் அவளுடைய முகத்தைப் பார்த்தார்கள். மூச்சு இருக்கிறதா என்று பார்த்தார்கள். பெற்றவள் நான் முகத்தைப் பார்க்கவில்லை. முடிச்சைத் தேடினேன். விரலுக்கு அது விடவில்லை. தலையைத் தண்ணீருக்குள் விட்டுப் பல்லால் கடித்து இழுத்தேன். பார்த்தவர்கள், தாய் மகளுடைய காலைக் கட்டிப்பிடித்து அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். அவிழ்ந்த துண்டை என் சட்டைக்குள் செருகிய பிறகுதான் நிமிர்ந்தேன். அதற்குள் அவள் இருமி, தண்ணீரைக் கக்கி, மூச்சை இழுத்துவிட்டாள். அல்ஹம்துலில்லாஹ். என் உதவியில்லாமல் இழுத்துவிட்டாள்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரி. நெஞ்சுச் சளி, காய்ச்சல். மூன்றாம் நாள் தாதிப் பிள்ளை வீட்டுக்கு வந்தாள். கூட, இந்த வேலைக்கெல்லாம் தலையானவரும் வந்தார், எல்லோரும் அவரைச் சேர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வுபெற்ற விளையாட்டு வாத்தியார், ஒரு கால் மிதிவெடியில் போனவர். பொறுப்பான மனிசன்.

"பட்டி விட்டிருக்கு, ஆள் வெளியில வரயில்ல. அப்ப பாத வளையத்தை இறுக்கிப் போட்டிருக்கு" என்றார் சேர். "பார்க்க வேண்டியது இவ. இனி இவ ஒருத்தருக்கும் கட்டக்கூடாது எண்டு சொல்லிட்டன். பலகையையும் பூட்டி வச்சிட்டன்."

தாதிப் பிள்ளை தலை குனிந்துகொண்டு இருந்தாள். "நான் விரல் விட்டுப் பார்த்த மாதிரித்தான் ஞாபகம், உம்மா. ஆனா பிழை என்னிலதான் இருக்கும். வேற எப்பிடி?" சொல்லும்போதே அழுதாள். அவளுக்கு நான் பால் விடாத பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். பனங்கட்டியும் வைத்தேன். "அழாத மகள், அல்லாட நாட்டம்" என்று சொன்னேன். என் நாக்கு அதைச் சொன்னது.

அவர்கள் போன பிறகு மகள் என்னைப் பார்த்தாள். "டீ நல்லா இருந்திச்சா உம்மா?"

"என்னடி கதைக்கிறாய்?"

"இல்ல, அல்லாட தலையில போட்டுட்டு நல்லா ஊத்திக் குடுத்தீங்களே, அதான் கேட்டன்."

"அப்ப நீ சொல்லியிருக்கலாமே! வாய் இருக்குத்தானே!"

"நான் சொல்லமாட்டன். என்ட உம்மாவ நான் காட்டிக் குடுக்கமாட்டன். ஆனா நீங்க சொல்லும் வரைக்கும் நான் அந்தத் தண்ணிப் பக்கம் போகவும் மாட்டன். அந்த மிஸ்ஸுட கை கட்டாத பலகையில நான் ஏறப்போறதில்ல."

அந்தக் கிழமை அவள் என்னோடு சோறு சாப்பிட்டாள், உப்புக் கேட்டாள், ஊசி கேட்டாள். வேறு கதை இல்லை. ஒரு நாள் கரைத்தீவில் இருந்து ஒரு பெண் கட்டையை ஊன்றிக்கொண்டு உடுப்புத் தைக்க வந்தாள். அவளும் அந்தப் பலகையில் ஏறப் பேர் பதிந்தவள். "ஏன் தாத்தா, இனி நடத்தமாட்டாங்களாமே? அந்தச் சிங்கள மிஸ் கவனமில்லாம உங்களக் கொல்லப் பார்த்தாவாம், உண்மையா?" என்று மகளிடம் கேட்டாள். தாத்தா என்று எங்கள் ஆட்கள் அக்காவைச் சொல்வது. மகள் நூலைப் பல்லால் அறுத்துக்கொண்டு, "உம்மாட்டக் கேளுங்க" என்றாள். நான் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விட்டேன். அறுபத்தாறு வயதில், என் சொந்த வீட்டுக்குள், ஒரு விருந்தாளியைப் பார்க்க ஏலாமல் ஒளித்தேன். துரத்தப்பட்டு வந்த நாளில்கூட நான் அப்படித் தலை குனியவில்லை.

ஞாயிறு விடிய சுபஹு தொழுதுவிட்டு, தனியாக பஸ் ஏறிப் போனேன். பலகை இல்லாவிட்டாலும் படகைக் கழுவ அவர்கள் கூடுவார்கள் என்று தெரியும். சேர், படகோட்டி, தாதிப் பிள்ளை, இன்னும் இரண்டு பேர். தாதிப் பிள்ளை ஒதுங்கி நின்று கயிறு சுற்றிக்கொண்டிருந்தாள். இருக்கச் சொல்லிச் சேர் கதிரை தந்தார். நான் இருக்கவில்லை. சேலைத் துண்டை எடுத்து அவர் கையில் போட்டேன்.

"வளையத்தில பிழை இல்ல. நான் இதால காலைக் கட்டினன். பட்டி போட்ட பிறகு, அவ அங்கால போன நேரம். இவவுக்குத் தெரியாது."

படகோட்டிதான் முதலில் வாயைத் திறந்தான். "யா அல்லாஹ், எதுக்கு உம்மா?"

மார்க்கம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியிருந்தால் அவர்கள் ஒன்றும் கேட்டிருக்கமாட்டார்கள், மரியாதையாக விட்டிருப்பார்கள். நான் சொல்லவில்லை. "அவளுட காலைப் பார்த்து ஆக்கள் பரிதாபப்படுறது எனக்குப் பிடிக்கயில்ல" என்றேன். "என்ட வீம்பு."

தாதிப் பிள்ளை கயிற்றைக் கீழே போட்டாள். என் கிட்ட வந்தாள். கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேனோ என்னவோ. சிங்களத்தில் ஏதோ வேகமாகச் சொன்னாள், பிறகு தமிழில், "அவ செத்திருந்தா? நான் சாகும்வரைக்கும் நான் கொன்ன எண்டுதானே நினைச்சிருப்பேன், அம்மா" என்றாள். உம்மா இல்லை, அம்மா. வார்டில் எந்த நோயாளியின் தாயையும் கூப்பிடுகிற மாதிரி. பிறகு தண்ணீர்ப் பக்கம் போய் முகத்தைக் கழுவினாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். சேர் கையைக் காட்டி, "இப்ப வேணாம், விடுங்க" என்றார்.

அடுத்த கிழமை பலகை இறங்கியது. புதுச் சட்டம் ஒன்று வந்திருந்தது: கட்டும் இடத்துக்கு வீட்டு ஆட்கள் வரக்கூடாது. கரைத்தீவுப் பெண்ணின் தமக்கை, "இது என்ன, கூட வந்த எங்களைத் தூரத்தில நிப்பாட்டுறாங்க" என்று முணுமுணுத்தாள். யாரால் வந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. நானே சொன்னேன்.

என் மகள் தானே தைத்த ஒட்டிய காற்சட்டை போட்டிருந்தாள், அடியில் ரப்பர் வைத்தது. கால் மூடித்தான் இருந்தது, மெலிவு முழுக்கத் தெரிந்தது. அவள் அதைப் பற்றி ஒன்றும் நினைத்ததாகத் தெரியவில்லை. தாதிப் பிள்ளை இடுப்புப் பட்டியை இழுத்துப் பார்த்தாள், வளையத்துக்குள் விரல் விட்டாள், பிறகு முழங்காலில் இருந்து பாதம் வரைக்கும் இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள். முன்பு அப்படிப் பார்ப்பதில்லை. படகு கிளம்பியது. ஓரம் சரிந்த ஒரு இடத்தில் நான் கத்திவிட்டேன், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மகள் சரித்துத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

இப்போதும் போகிறோம். தாதிப் பிள்ளை என்னோடு நல்லமாதிரிக் கதைக்கிறாள், சுகம் கேட்கிறாள், பிரசருக்குக் குளிசை போடுகிறேனா என்று விசாரிக்கிறாள். ஆனால் மகளை ஓட்டோவில் இருந்து இறக்கும்போது, அவளைத் தொடுவதற்கு முதல், என் இரண்டு கையையும் ஒரு தரம் பார்க்கிறாள். எனக்குச் சுருக்கென்று இருக்கும். நான் கையை மறைப்பதில்லை. விரித்துப் பிடிக்கிறேன். பார்க்கட்டும்.