புத்தகத்தில் இல்லாத ஸ்டேஷன்

தீம் சாருக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் அவரிடம் படித்த பிள்ளைகள். எந்தப் பாடத்தை எடுத்தாலும் பத்து நிமிடத்துக்குள் "சரி, இதோட தீம் என்ன?" என்று கேட்டுவிடுவார். ஒரு கதையில் நனைந்த குடை ஒன்று வந்துவிட்டால் போதும், அதைப் பிழிந்து மூன்று பக்கம் எடுத்துவிடுவார். ஆங்கில இலக்கியம் படிக்கிற மாணவர்களுக்காக அவர் எழுதிய கைடுகள் பதினாறு. மூலப் புத்தகத்தைக் கண்ணால் பார்க்காமலே பட்டம் வாங்கியவர்கள் பல பேர். அவர்களை நல்லபடியாகக் கரையேற்றிய பெருமை இவருக்குத்தான்.

அந்தப் பெருமையில் வெளியே தெரியாத சங்கதி ஒன்று உண்டு. தீம் சாருக்கு நாவல் படிக்க வராது. ஆங்கிலம் நன்றாக வரும். ஒரு பத்தியைக் கையில் கொடுங்கள், தோலை உரித்து எலும்பை எண்ணிவிடுவார். யார் சொன்னது, யாரிடம் சொன்னது, ஏன் சொன்னது, சொல்லாமல் விட்டது என்ன என்று வரிசையாக வரும். முந்நூறு பக்கத்தைக் கொடுத்தால்தான் தகராறு. நாற்பதாம் பக்கத்தில் கண் சொக்கிவிடும், புத்தகம் மார்பில் கிடக்கும்.

ஆகவே படிப்பது அவர் மனைவி. அக்கம்பக்கத்தில் அவளுக்குப் பெயர் சார் வீட்டம்மா. அதே கல்லூரியில் அதே பட்டம் படித்தவள், மதிப்பெண்ணில் அவரைவிட இரண்டு படி மேலே. அவள் நாவலைப் படித்து, முக்கியமான பத்திகளில் துண்டுச் சீட்டு வைப்பாள். பிறகு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கதையைத் தமிழில் சொல்வாள். அவர் எதிரே உட்கார்ந்து "இரு, இரு, அந்த அண்ணன் கெட்டவனா நல்லவனா?" என்று கேட்டுக் கேட்டு எழுதுவார். பத்து நாளில் பாத்திரப் படைப்பு, கருப்பொருள், குறியீடு, வினா விடை எல்லாம் தயார்.

அட்டையில் அவர் பெயர். முன்னுரையில் பதிப்பாளருக்கும் அச்சகத்தாருக்கும் மெய்ப்புப் பார்த்தவருக்கும் நன்றி. வீட்டு ஆளுக்கு யாராவது நன்றி சொல்வார்களா என்பது அவர் கட்சி. அவர் கெட்டவர் இல்லை, அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்திருந்தால் அவள் என்றைக்கோ ஒரு முடிவுக்கு வந்திருப்பாள்.

செவ்வாய்க்கிழமை காலை பதிப்பகத்திலிருந்து ஒரு கட்டு வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் நாவலின் கைடு மறுபதிப்புக்குப் போகிறது, திருத்தம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும் என்று ஒரு குறிப்பு. கூடவே கோடு போட்ட தாளில் ஒரு மாணவி எழுதிய கடிதம். அவர் அதைச் சத்தமாகப் படித்தார்.

"ஐயா, நாவலின் முடிவில் கதாநாயகி அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வருவதாக உங்கள் கைடில் இருக்கிறது. என் புத்தகத்தில் மூன்று முறை தேடிவிட்டேன், அந்த ஸ்டேஷன் வரவில்லை. அவள் திரும்பி வரவில்லை என்று எழுதியதற்கு எனக்குப் பத்துக்கு இரண்டு போட்டுவிட்டார்கள். என் புத்தகத்தில் பக்கம் விட்டுப்போயிருக்கலாம். அது எந்தப் பக்கம் என்று தயவுசெய்து தெரிவிக்கவும்."

படித்துவிட்டுச் சிரித்தார். "பாவம், பக்கம் இல்லாத புத்தகத்தை யாரோ தலையில கட்டிட்டாங்க. நம்ம புத்தகத்தை எடும்மா. பக்க நம்பரை எழுதி அனுப்பிடலாம்."

அவள் கை பீன்ஸில் அப்படியே நின்றது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். அவளுடைய புளுகுக்கு அன்றைக்குப் பதினோரு வயது. நாவலில் அடுத்த ஸ்டேஷனே கிடையாது. பனி கொட்டும் ஒரு வனாந்தரத்தில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர். சாது, ஒழுங்கானவர், கைக்கடிகாரத்தைத் தினம் மூன்று தடவை சரிபார்க்கிறவர். முப்பத்தோராம் அத்தியாயத்தில் அவர் மனைவி ஒரு பையோடு ரயில் ஏறுகிறாள். அவர் வழக்கம்போல் பச்சைக்கொடி காட்டுகிறார். ரயில் போய்விடுகிறது. அவ்வளவுதான், கதை முடிந்தது.

அந்த அத்தியாயத்தை அவள் படித்து முடித்த வாரம், அவளுடைய சொந்தப் பெட்டியும் கட்டிலுக்கடியில் தயாராக இருந்தது.

காரணம் ஒரு கடிதம். ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு அவள் விண்ணப்பம் போட்டிருந்தாள். நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. வந்தது அவளுக்குத் தெரியாது. மேஜையைத் துடைக்கும்போது அவர் திருத்தி முடித்த விடைத்தாள் கட்டு சரிந்து, நடுவிலிருந்து அந்தக் கடிதம் விழுந்தது. உறை பிரித்திருந்தது. தேதி போய் மூன்று வாரம் ஆகியிருந்தது.

மறந்துவிட்டாரா, ஒளித்துவைத்தாரா? மறந்திருக்கலாம். மகளைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போய், அவளை அங்கேயே விட்டுவிட்டுத் தான் மட்டும் வீடு வந்து சேர்ந்து காபி கேட்ட மனிதர் அவர். ஆனால் பிரித்துப் படித்திருக்கிறாரே. படித்ததைக் கட்டின் மேலே வைக்காமல் நடுவில் ஏன் வைக்க வேண்டும்? கேட்டுவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். "மறந்தே போச்சும்மா" என்று அவர் சொன்னால் அதை நம்பியாக வேண்டும். நம்ப முடியுமா என்று அவளுக்கே தெரியவில்லை. பேசாமல் துணிகளை எடுத்துப் பெட்டியில் அடுக்கினாள்.

மறுநாள் மேஜையில் கதை முடிவுக்கு வந்தது. "கடைசியில அவ ரயில் ஏறிடறா" என்றாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "அடேயப்பா! ஏறிட்டு?" என்றார். போய்விட்டாள் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரியும். ஏன் போனாள், காரணங்களைச் சொல்லு, பத்து மார்க் கேள்வியாச்சே என்பார். காரணம் சொல்ல ஆரம்பித்தால் தன் வாய் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டோடு நிற்காது. உள் அறையில் மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நொடிதான். "அடுத்த ஸ்டேஷன்ல இறங்கித் திரும்பி வந்துடறா" என்று சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலமே பெட்டியைப் பிரித்துத் துணிகளைத் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

அவருக்கு அந்த முடிவு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அடுத்த ஸ்டேஷன் என்பது மன்னிப்பின் குறியீடு என்று தனித் தலைப்பே கொடுத்து இரண்டரைப் பக்கம் எழுதினார். முழுப் பூசணிக்காய் அப்படித்தான் சோற்றில் மறைந்தது. மாணவர்கள் கைடைப் படித்து எழுதினார்கள். ஆசிரியர்களும் கைடைப் படித்துத் திருத்தினார்கள். நானூறு பக்க நாவலை யார் தொட்டார்கள்? பதினோரு வருடம் அந்த ஸ்டேஷனுக்கு முழு மதிப்பெண் விழுந்தது.

இப்போது ஒரு பெண் உண்மையிலேயே படித்துத் தொலைத்திருக்கிறாள்.

புத்தகத்தைக் காணோம் என்று சொல்லலாமா என்று யோசித்தாள். கடைசி நான்கு தாளைக் கிழித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. வேறு எதற்கும் இல்லாவிட்டாலும் பத்துக்கு இரண்டு வாங்கிய அந்தப் பிள்ளைக்காக மனசு கேட்கவில்லை. அலமாரியிலிருந்து எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

கால் மணி நேரத்தில் புத்தகத்தோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. "இதுல இறங்கவே இல்லையே! கொடியை ஆட்டறான், ரயில் போகுது, முடிஞ்சுபோச்சு."

"ஆமா. இறங்கலை."

"அப்புறம் ஏன் எங்கிட்ட அப்படிச் சொன்னே? பதினோரு வருஷமா பொய்யை எழுதி வெச்சிருக்கேன். இப்ப என் பேருதானே நாறும்?"

"கடைசியை மட்டும் படிச்சா ஒண்ணும் புரியாது. முதல் பக்கத்துல இருந்து படிங்க. முடிச்சதுக்கப்புறம் கேளுங்க, சொல்றேன்."

சொல்லிவிட்டாள். அவர் படிக்க மாட்டார் என்று ஒரு தைரியம். ஆனால் கோபம் மனிதனை என்னவெல்லாம் செய்ய வைக்கிறது! அன்று பகல் ட்யூஷன் பிள்ளைகளுக்கு ஒரு பத்தியைக் கொடுத்து "நீங்களே தீம் கண்டுபிடிங்க" என்று விட்டுவிட்டு, ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நாற்பதாம் பக்கத்தில் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். புதன்கிழமை பல் துலக்கும்போதும் புத்தகம் கையில் இருந்தது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வேடிக்கை வருகிறது என்று அவளிடமே ஓடிவந்து சொன்னார், அவள் ஏதோ அதை முதல் தடவையாகக் கேட்பதுபோல.

வியாழக்கிழமை மத்தியானம் தலையை நிமிர்த்தி, "என்ன ஆளு இவன்? யாராவது அவளைக் கேள்வி கேட்டா இவன் பதில் சொல்றான். நல்லவனாத்தான் இருக்கான், ஆனா பக்கத்துல உட்கார முடியாது போல" என்றார்.

"ம்" என்றாள் அவள். கேரட்டைச் சீவிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை முதலில் அந்த மாணவிக்குப் பதில் எழுதினார். "உன் புத்தகத்தில் பக்கம் எதுவும் விட்டுப்போகவில்லை. என் கைடில்தான் ஒரு ஸ்டேஷன் கூடிவிட்டது. உன் விடை சரி. இதை உன் ஆசிரியரிடம் காட்டு" என்று எழுதிக் கையெழுத்திட்டார். அதில் அவரை ஒரு குறையும் சொல்ல முடியாது. பிறகு மேஜையில் வெள்ளைத் தாளை விரித்து, கைடின் பழைய இரண்டரைப் பக்கத்தையும் குறுக்கே அடித்துவிட்டு, "அவள் ஏன் போனாள்?" என்று தலைப்பிட்டார்.

"படிச்சு முடிச்சுட்டேன். உட்காரு. நீ சொல்லு, நான் எழுதறேன். அப்படியே அந்தப் பொய்யை நீ ஏன் சொன்னேன்னும் சொல்லிடு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். மூன்று நாளாகத் தூக்கமில்லை. ஆனால் குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"வீட்டுக்கு வர்றவங்க அவளைப் பார்த்துக் கேட்டாலும் அவன்தான் பதில் சொல்லுவான். அவளுக்குன்னு ஒரு பேச்சு இல்லாமப் போச்சு."

"நாலாம் அத்தியாயம். ஆமா." எழுதினார்.

"ஸ்டேஷன் பதிவேட்டை ராத்திரி பகலா எழுதினது அவ. கையெழுத்து மட்டும் அவனோடது. மேலதிகாரி வந்து பாராட்டினப்போ, அவ பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தும் அவன் ஒரு வார்த்தை சொல்லலை."

"பதினெட்டாம் அத்தியாயம்" என்றார். பேனா கொஞ்சம் மெதுவாக நகர்ந்தது. அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அவளுக்கு ஒரு காலேஜ்ல இருந்து கடிதம் வந்துச்சு. அவன் பிரிச்சுப் படிச்சுட்டு விடைத்தாள் கட்டுக்கு நடுவுல வெச்சுட்டான். தேதி போனதுக்கப்புறம்தான் அது அவ கைக்குக் கிடைச்சுது."

பாதி வரி எழுதிய பேனா நின்றது. பனிக்காட்டு நாவலில் சுற்றுவட்டாரத்தில் ஒரு பள்ளிக்கூடம்கூடக் கிடையாது. நேற்றுத்தான் படித்து முடித்தவர், அவருக்கு அது தெரியாதா?

"இது எந்த அத்தியாயம்?" என்று மட்டும் கேட்டார்.

"இது புத்தகத்துல இல்லை."

வீட்டுக்குக் கீழே இருந்த சலவைக் கடையில் இயந்திரம் சுற்றும் சத்தம் கேட்டது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தாளின் மேல் வைத்தார்.

"அதை நீ அப்பவே பார்த்துட்டியா?"

"பார்த்தேன். பெட்டிகூடக் கட்டி வெச்சேன். அந்த வாரம்தான் இந்தக் கதையை உங்களுக்குச் சொன்னேன்." அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "உங்களுக்கு மறதி ஜாஸ்தி. அது எனக்குத் தெரியும். அதனாலதான் இத்தனை வருஷமா கேக்கலை. இப்பக் கேக்கறேன். மறந்துட்டீங்களா?"

மறந்துட்டேன் என்று சொன்னால் முடிந்தது. கதவை அவளே அகலத் திறந்து வைத்திருந்தாள், அவர் உள்ளே வர வேண்டியதுதான் பாக்கி. அவரும் வாயைத் திறந்தார்.

"மறக்கலை" என்றார். "நீ வேலைக்குப் போயிட்டா யாரு எனக்குப் படிச்சுச் சொல்லுவாங்கன்னு பயந்துட்டேன். தேதி போகட்டும்னு வெச்சேன். அப்புறம் அதை எடுத்துக் குடுக்கற துணிச்சல் வரலை."

இந்தப் பதிலுக்காக அவள் பதினோரு வருடம் ஒத்திகை பார்த்திருந்தாள். கத்த வேண்டும், எழுந்து போக வேண்டும், அழவே கூடாது என்றெல்லாம் வைத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணீர் மட்டும் தாராளமாக வந்தது, அதை அவள் துடைக்கவில்லை. இந்த மனிதரைச் சரியாகத்தான் படித்திருக்கிறோம் என்று முதலில் தோன்றியது. கோபம் அதற்குப் பின்னால்தான் வந்தது, வந்ததும் நன்றாகவே வந்தது.

அவள் அவருடைய கண்ணாடியைத் தாளின் மேலிருந்து எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தாளை அவர் பக்கம் தள்ளினாள்.

"எழுதுங்க."

"இதையா? இது புத்தகத்துல இல்லையேம்மா."

"அடுத்த ஸ்டேஷனும்தான் புத்தகத்துல இல்லை. பதினோரு வருஷம் எழுதலியா? எழுதுங்க."