காய்ந்த துணியை நம்பாதவள்

பிரசவ வார்டில் அவளுக்கு 'மோப்பக்காரி' என்று பெயர். வைத்தவர்கள் கூட வேலை பார்க்கும் நர்சுகள்தான். இருபத்திரண்டு வருடத்தில் கர்ப்பிணிகள் ஈரத்துக்கு வைக்கும் பேடுகளில் அவள் முகர்ந்து பார்க்காதது கிடையாது. சிறுநீருக்கு ஒரு வாசம், பனிக்குட நீருக்கு ஒரு வாசம். இதில் என்ன வெட்கம் வேண்டிக் கிடக்கிறது என்பது அவள் கட்சி.

அன்று காலை மாமியாரோடு வந்த பெண்ணுக்கு முப்பது வாரம். விடிந்ததிலிருந்து ஈரம் கசிகிறதாம். டியூட்டி டாக்டர் கருவி வைத்துப் பார்த்தார். உள்ளே நீர் தேங்கியிருக்கவில்லை. பனிக்குட நீர் பட்டால் நீலமாகும் சோதனைக் காகிதம் மஞ்சளாகவே இருந்தது.

"யூரின்தான். இந்த மாசத்துல சகஜம். வீட்டுக்குப் போகலாம்" என்று சீட்டில் எழுதினார். மாமியார் அதற்குள் பையைத் தோளில் மாட்டியாயிற்று.

மோப்பக்காரிக்கு மனசு கேட்கவில்லை. "வீட்ல இருந்து கிளம்புறப்ப என்னம்மா பண்ணினே?"

"குளிச்சுட்டு துணி மாத்தினேன் அக்கா. இங்க வந்தும் கழுவிட்டுத்தான் உள்ள வந்தேன். ஈரத்தோட எப்படிப் படுக்கிறது?"

"அடி என் சமத்தே! தடயத்தையெல்லாம் கழுவிட்டுப் புகார் கொடுக்க வந்திருக்கியே!"

பிறகு டாக்டரிடம் திரும்பினாள். "அரை மணி நேரம் படுக்க வைக்கிறேன் டாக்டர். இன்னொரு தடவை பாருங்க."

"பார்த்தாச்சே சிஸ்டர். வெளியில எவ்வளவு பேர் நிக்கிறாங்க!"

"நிக்கட்டும். படுத்தாத்தான் கசியுற நீர் உள்ள தேங்கும்."

எட்டு வருடத்துக்கு முன் இப்படித்தான், காய்ந்த துணியை நம்பி ஒருத்தியை அனுப்பி வைத்தாள். நாலாம் நாள் அவள் காய்ச்சலோடு திரும்பி வந்தாள். குழந்தை தங்கவில்லை. அந்த வலி மோப்பக்காரியை இன்னும் விடவில்லை. அதனால் இன்று யார் முகம் சுளித்தாலும் அவள் கட்டிலை விட்டு நகர்வதாக இல்லை.

அரை மணி நேரம் ஆனது. டாக்டர் வேண்டா வெறுப்பாக மறுபடி கருவியை வைத்தார்.

"இருமும்மா. நல்லா, வயித்துல இருந்து."

இருமினாள். தெளிந்த நீர் மெல்ல வழிந்தது. காகிதம் நீலமானது. ரத்தம் பட்டாலும் காகிதம் நீலமாகும் என்பதால், டாக்டர் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் தடவிக் காயவிட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். காய்ந்த நீர், பனிக்குட நீருக்கே உரியபடி, இலை இலையாகக் கிளை விட்டிருந்தது. பனிக்குடம் உடைந்தது உடைந்ததுதான். எழுதிய சீட்டை அவரே கிழித்தார். குழந்தையின் நுரையீரலுக்கு ஊசி, தொற்றுக்கு மருந்து, வார்டில் ஒரு கட்டில் என்று மளமளவென்று எழுதினார்.

"அக்கா, நான் பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருந்தா?" அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதான் போகலையே. இனிமே எந்தப் பேடையும் தூக்கிப் போடாதே. எனக்குக் காட்டு."

கதவுக்கு அந்தப் பக்கம் அடுத்தவளை டாக்டர் உள்ளே கூப்பிடும் சத்தம் கேட்டது. முதல் கேள்வியே, "வர்றதுக்கு முன்னாடி குளிச்சீங்களா?"

மோப்பக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு, காய்ச்சல் பார்க்கும் கருவியை எடுக்கப் போனாள்.