வாழையடியில் ஒரு தங்கை

குளத்து நீரிலிருந்து எடுத்த ஹைட்ரா என்னும் சிற்றுயிரை இன்று கல்லூரி நுண்ணோக்கியில் பார்த்தேன். அதன் இடுப்பில் குட்டி ஹைட்ரா முளைத்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தேவராஜ மொஹல்லா என்ற பேட்டையில் நாங்கள் குடியிருந்தபோது எனக்கு ஆறு வயது; அம்மா பிள்ளையுண்டாகியிருந்தாள். பாப்பா எப்படி வரும் என்று அத்தையைத் துளைத்தேன்.

“கொல்லை வாழைக்குப் பக்கத்திலே கன்னு வரதோன்னோ, அப்படித்தாண்டி.”

அன்றிலிருந்து ஈர மண் மணக்கும் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக் கதை சொன்னேன்.

ஒருநாள் அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க அப்பா கடப்பாரையோடு வந்தார். கன்றைக் கட்டிக்கொண்டு அலறினேன்: “என் தங்கையைக் குடுக்காதேங்கோ!”

“இவகிட்ட என்னடி சொல்லி வெச்சே?” என்று அப்பா கேட்க, அத்தை வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள்.

கன்று தப்பியது. தங்கை அம்மாவிடம்தான் பிறந்தாள்; அந்த வாழையின் முதல் பழத்தை அவளுக்கு நான் மசித்து ஊட்டினேன்.

அத்தைக்குக் கடிதம் எழுத வேண்டும்: நீங்கள் சொன்னது நிஜம்தான், ஹைட்ராவுக்கு.