சந்நிதியான் எனக்குத் தந்த ஆள்

“…நடிப்பெண்டால் முதல் ஆளாய் எழும்பிப் போறது நானாய்த்தான் இருக்கும், ஐயா. இது நடிப்பில்லை. இவளுக்கு எழுத ஏலாது. ஏலாதெண்டால் ஏலாதுதான்.”

இதைச் சொன்னது என் மச்சாள் பாக்கியம், என் மனிசனின் மூத்த அக்கா. சொன்ன இடம் தொண்டைமானாற்றில் எங்கள் வீட்டு விறாந்தை. எழுபத்தோராம் ஆண்டு ஆவணி மாதம், என் கலியாண எழுத்து நடந்த நாள். விவாகப் பதிவை எங்கள் பக்கத்தில் எழுத்து என்றுதான் சொல்லுவோம். நெல்லியடியிலிருந்து வந்த பதிவுகாரர் பேனையை மூடி மேசையில் வைத்திருந்தார். அம்மா குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றா.

அடியார்களே, மச்சாள் சொன்ன அந்தச் சொல்தான் சந்நிதி முருகன் எனக்குத் தந்த பதில். அதன் அருமை உங்களுக்கு விளங்க வேண்டுமென்றால், முதலில் என் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் கையைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. கிழிந்த வலை பொத்துவேன். மாலை கட்டுவேன். மீன் வெட்டினால் ஒரு செதில் மிஞ்சாது. பென்சிலைப் பிடித்தால் மட்டும் அது வேறு ஆருடையவோ கை. ‘அ’ என்ற எழுத்து என் கண்ணுக்குத் தெரியும். மனதிலும் தெளிவாய் நிற்கும். எங்கே தொடங்குவது, எந்தப் பக்கம் வளைப்பது என்பதுதான் கைக்குத் தெரியாது. நேற்று எழுதின எழுத்து இன்றைக்குப் புது எழுத்து. ஒரு எழுத்து பெருக்கும், அடுத்தது சிறுக்கும், மூன்றாவது வரியை விட்டு இறங்கிப் போய்விடும். ஏன் இப்படி? இன்றுவரைக்கும் எனக்கு அது அதிசயம்தான். அழுது முடிந்த நேரங்களில் என் கையை நானே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

ஐம்பத்தாறாம் ஆண்டு விஜயதசமிக்கு எனக்கு ஏடு தொடக்கினார்கள். ஐயர் என் விரலைப் பிடித்து அரிசியில் எழுதும்வரை எல்லாம் சரி. அவர் கையை விட்டதும் அரிசி நாலு பக்கமும் போனது. “எழுத்தை விடுங்கோ, உவளை அரிசி ஆய விட்டால் நல்லாய் ஆய்வாள்” என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

ஆட்கள் சொல்லுகிற கதைகளைப் பொறுக்கி வைக்கிறது எனக்குச் சின்னனில் இருந்தே பழக்கம். என் எழுத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் அப்படியே வைத்திருக்கிறேன். “கூடையாலை கொட்டின இறால்” என்றார் தலைமை வாத்தியார். “எங்கடை கரை நண்டு இதைவிட நேராய் ஓடும்” என்றான் பக்கத்து வாங்கில் இருந்தவன். ரீச்சர் ஒருவர் என் கொப்பியைத் தலைகீழாய்ப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இப்பிடிப் பிடிச்சால் கொஞ்சம் விளங்குது பிள்ளை” என்றா. இவற்றைச் சொல்லி நானே இன்றைக்கும் சிரிப்பேன். சிரிக்க முடியாத சொல் ஒன்றே ஒன்று. “வேணுமெண்டு செய்யிறாள்.”

வாயால் கேட்டால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லுவேன். தாளில் கேட்டால் ஒன்றும் இராது. அதனால் எனக்குப் பின்னால் இருந்து ஆரோ சொல்லித் தருகிறார்கள் என்று வாத்தியார் நினைத்தார். தனியாய் ஒரு மூலையில் இருத்திக் கேட்டார். அப்போதும் சொன்னேன். “அப்ப உனக்குத் தெரியுது. எழுதத்தான் பஞ்சி” என்று சோம்பேறிப் பட்டம் கட்டி முடித்தார். பிறகு விரல் மொழியில் அடி. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். வாசிப்பை மட்டும் விடவில்லை. கடையில் சாமானைச் சரையாய்ச் சுற்றித் தருகிற பேப்பரையும் விரித்து வாசிப்பேன். வலை பொத்துகிற பெண்களுக்குப் பின்நேரங்களில் பேப்பர் வாசித்துச் சொல்லுவது நான்தான். அதாலே ஊரில் எனக்குப் படிச்ச பெட்டை என்று பேர்.

அந்தப் பேர்தான் கலியாணத்தைக் கொண்டுவந்தது. ஆபத்தைக் கொண்டுவந்ததும் அதுதான்.

மாப்பிள்ளை குணம், கடல் தொழில். தாய் தகப்பன் இல்லை. தம்பி தங்கைகளை வளர்த்து ஆளாக்கினது பாக்கியம் மச்சாள். அவ மூன்றாம் வகுப்புக்கு மேலே போகவில்லை. ஆனால் கையெழுத்து வைக்கப் பழகியிருந்தா. அவவின் தகப்பனார் கைநாட்டு வைக்கிறவர். சந்தையில் ஒருநாள் நாலு பேர் முன்னால் அவரின் மைபட்ட பெருவிரலைக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். கூடப் போயிருந்த மச்சாளுக்கு அப்போது பத்து வயது. அன்றைக்கே பிடிவாதம் பிடித்து ஒரு கையெழுத்தைப் பழகினா. கடைசியில் நீளமாய் ஒரு வால் இழுத்து, வாலுக்குக் கீழே ஒரு குத்து, புள்ளி போல. தம்பிமாரின் பள்ளிக்கூட றிப்போட்டில் அந்த வால், மீன்பிடிச் சங்கத்தில் அந்த வால். “எங்கடை வீட்டிலை கைநாட்டு ஒருத்தரும் இல்லை” என்பது அவ எங்கே போனாலும் சொல்லுகிற கதை.

என்னைப் பார்க்க வந்த அன்று பேப்பரைத் தந்து வாசிக்கச் சொன்னா. வாசித்தேன். முகம் மலர்ந்து போச்சு. போகிற நேரம், “சட்டை தைக்கிறவளின்ரை விலாசத்தை உதிலை எழுதித் தா பிள்ளை” என்றா. அம்மா என்னைப் பார்த்தா. நான் எழுதினேன். மச்சாள் தாளைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, திரும்பவும் தாளைப் பார்த்தா.

“இவ்வளவு வாசிக்கிறவள் இப்பிடி எழுதுவாளோ? கை நல்லாத்தானே இருக்குது. வலை பொத்துது, மாலை கட்டுது. எழுத மட்டும் ஏலாதாமோ? பெட்டைக்கு இந்தக் கலியாணத்திலை விருப்பமில்லை. அதுதான் பழுதாக்கித் தாறாள்.”

விருப்பமில்லையாம். குணம் கிணற்றடியில் என் தம்பியோடு கதைத்துச் சிரித்த சத்தத்தைக் கேட்டே எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை அம்மாவுக்கே சொல்ல வெட்கம், மச்சாளுக்கு எப்படிச் சொல்லுவேன்? அவர் தமக்கையிடம், “எனக்கு எழுத்து வேண்டாம் அக்கா. கடலாலை வந்தால் கதைக்க ஒரு ஆள் இருந்தால் காணும்” என்றாராம். மச்சாள் விடவில்லை. “எழுத்து நாளண்டைக்கு எங்களுக்கு முன்னாலை கையெழுத்து வைக்கட்டும். வைக்காட்டி எழும்பி வருவம்” என்று சொல்லி அனுப்பினா.

என்னைப் பெற்ற ஐயாவும் அம்மாவும் இடிந்து போனார்கள். எழுத்து மேசையில் குழம்பின கலியாணம் பிறகு எங்கே ஒப்பேறும்? நான் இரவும் பகலும் என் பேரை எழுதிப் பழகினேன். ‘மலர்’, அவ்வளவுதான். மூன்று எழுத்து. ஒருநாள் ‘ம’ வரும், ‘ல’ வராது. ‘ல’ வந்த அன்று ‘ம’ மறந்துபோகும்.

வெள்ளிதோறும் சந்நிதிக்குப் போனேன். “முருகா, என் கையைத் திருத்து” என்பதுதான் என் மன்றாட்டு. ஆடி முழுக்க இதையே கேட்டேன். கை திருந்தவில்லை.

ஒரு வெள்ளி பூசை நேரம் நெருக்கத்தில் முன்னுக்குத் தள்ளுப்பட்டு நின்றேன். எங்கள் சந்நிதியில் பூசை செய்கிறவர் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார் என்பது உங்களுக்குத் தெரியும். மந்திரம் இல்லை. சின்ன வயதிலிருந்து பார்க்கிற காட்சி. அன்றைக்குத்தான் அதைப் புதினமாய்ப் பார்த்தேன். இவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று முருகன் கேட்கவும் இல்லை. கேளாமலே ஏற்றுக்கொள்ளுகிறான். அப்படியென்றால் என் கையைப் பற்றியும் அவனுக்குத் தெரியும். தெரியாமல் இருக்கிறது ஆட்களுக்குத்தான். நெஞ்சில் ஏதோ இளகினது. வாயாடி நான் அன்றைக்கு வாய் திறவாமல் கேட்டேன்: கை இப்படியே இருந்தால் இருக்கட்டும். நான் பொய்க்காரி இல்லை என்று நம்ப எனக்கு ஒரு ஆளைத் தா.

பூசை முடிந்து ஆற்றங்கரைக்குப் போனேன். ஈர மணல். ஆட்கள் அன்னதானத்துக்கு மடப்பக்கம் போய்விட்டார்கள். பழக்க தோஷம், ஒரு தென்னை ஈர்க்கை எடுத்து மணலில் என் பேரை எழுதினேன். பிழை. தள்ளி இருந்து எழுதினேன். அதுவும் பிழை. எவ்வளவு நேரம் எழுதினேனோ தெரியாது. நிமிர்ந்து பார்த்தால் பின்னால் பாக்கியம் மச்சாள், கையில் அருச்சனைத் தட்டோடு.

“ஆருக்குக் காட்ட எழுதிறாய்?”

“ஒருத்தருக்கும் இல்லை மச்சாள்.”

அவ மணலைப் பார்த்துக்கொண்டு நின்றா. கரை நீளத்துக்கு என் பேர்கள், ஒன்றைப் போல் ஒன்று இல்லை. ஆளில்லாத இடத்தில் ஆரும் நடிப்பார்களோ? அவ தட்டைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் குந்தினா. அவவின் இடுப்பில் எப்போதும் வலை பொத்துகிற நூல் ஒரு துண்டு செருகியிருக்கும். அதை இழுத்து என் கையில் தந்தா.

“கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடு.”

போட்டேன். இழுத்துப் பார்த்தா. இறுக்கமாய் இருந்தது.

“இப்ப கண்ணை மூடிக்கொண்டு பேரை எழுது.”

எழுதினேன். கோடு எங்கேயோ போனது.

“திறந்துகொண்டு எழுது.”

அதுவும் அப்படித்தான்.

“முடிச்சுப் போடேக்கை உனக்கு என்னெண்டு இருக்கும்? எழுதேக்கை என்னெண்டு இருக்கும்?”

அடியார்களே, அந்த நாள்வரைக்கும் எல்லோரும் எனக்கு என்ன குறை என்று தாங்களே சொன்னார்கள். எனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்ட முதல் ஆள் அவதான். முடிச்சை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

“நூல் எண்டால் கை தொட்டுத் தொட்டுப் போகும் மச்சாள். அடுத்தது எங்கையெண்டு நூலே சொல்லும். எழுத்திலை தொட ஒண்டும் இல்லை. வெட்டவெளியிலை விட்ட மாதிரி நிக்குது கை.”

அவ ஈர்க்கை வாங்கித் தன் கையெழுத்தை ஒரே இழுப்பில் மணலில் வைத்தா. வாலும் குத்தும் அச்சுப்போல் இருந்தது. “எனக்கு எழுத வாறது இது ஒண்டுதான். இது என்னெண்டு வருதெண்டு எனக்கும் தெரியாது. கை தன்ரை பாட்டிலை போகுது” என்றா. பிறகு தட்டை எடுத்துக்கொண்டு நடந்தா. என் பேர்களில் கால் படாமல் சுற்றிக்கொண்டு போனதைக் கண்டேன். நம்பினாவோ இல்லையோ என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. எழுத்து நாள்வரைக்கும் எனக்கு அது தெரியாமலே இருந்தது.

இப்போது எனக்குக் கலியாணமாகிப் பத்து வருடம் கடந்துவிட்டது. கை திருந்தவில்லை. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மனிசன்தான் எழுதுகிறார். “வலை இழுக்கிறதைவிடக் கஷ்டமாய்க் கிடக்குது, கொஞ்சம் ஆறுதலாய்ச் சொல்லு” என்கிறார். நான் கேட்ட முதல் மன்றாட்டு ஏன் கிடைக்கவில்லை என்று இன்றும் யோசிப்பேன், கோபத்தில் இல்லை, அறிகிற ஆசையில். இரண்டாவது கிடைத்தது போதும். எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டிலாவது ஒரு பிள்ளை எழுதப் பஞ்சிப்படுகிறது என்று கேள்விப்பட்டால் நான் அங்கே போய்விடுவேன். போய், மச்சாள் கேட்டதையே கேட்பேன்: எழுதேக்கை உனக்கு என்னெண்டு இருக்கும்? பிள்ளை சொல்லத் தொடங்கும். தாய் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டு நிற்பா.

உங்களை ஒருத்தரும் நம்பவில்லை என்று நெஞ்சு வெந்து இருந்தால் சந்நிதிக்கு வாருங்கள். சொல்ல வராவிட்டால் சொல்லாமலே நில்லுங்கள். அவனுக்கு விளங்கும். விளங்குகிற ஒரு ஆளையும் அனுப்புவான். அந்த ஆள் எந்தப் பக்கத்தால் வரும் என்று மட்டும் நாங்கள் தீர்மானிக்க ஏலாது.

எழுத்து நாளுக்கு வருகிறேன். பதிவுகாரர் வாசிக்கத் தந்ததைத் தடக்காமல் வாசித்தேன். கையெழுத்து வைக்கச் சொன்னார். “கைநாட்டுத்தான் வைப்பன், ஐயா” என்றேன். அவர் பேனையை மூடினார். “இப்பிடி வாசிக்கிற பிள்ளை கைநாட்டோ? உன்னை ஆரும் வற்புறுத்தினமோ?” என்றார். அப்போதுதான் மச்சாள் எழும்பி, நான் தொடக்கத்தில் சொன்ன சொல்லைச் சொன்னா.

பதிவுகாரர் என்னைப் பார்த்தார். “பிள்ளை, உனக்குச் சம்மதமோ?”

“ஓம் ஐயா, முழுச் சம்மதம்” என்றேன். என் குரல் தெருப் படலைவரைக்கும் கேட்டிருக்கும். குணம் தலையைக் குனிந்து சிரித்தார்.

பதிவுகாரர் மைப்பெட்டியைத் திறந்தார். நான் பெருவிரலை வைக்கப் போகிற நேரம், மாப்பிள்ளையின் சித்தப்பா சால்வையை உதறிக்கொண்டு எழும்பினார்.

“பொறுங்கோ. எங்கடை வீட்டிலை கைநாட்டு ஒருத்தரும் இல்லையெண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சது நீதானே பாக்கியம்? இப்ப கைநாட்டு ஒண்டைக் கூட்டிக்கொண்டு போகப் போறியோ? எழும்புங்கோடா, போவம்.”

இரண்டு மூன்று பேர் எழும்பியும் விட்டார்கள். என் விரல் மைக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

மச்சாள் மேசைக்குக் கிட்ட வந்தா. சாட்சிக்காரியாய் வைக்க வேண்டிய இடம் எது என்று பதிவுகாரரைக் கேட்டா. அவர் பேனையைத் திறந்து நீட்டினார். அவ அதை வாங்கி, மூடி, மேசையில் வைத்தா. மைப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, பெருவிரலை ஆழமாய் அமத்தி எடுத்து, எல்லோரும் பார்க்க, தன் பேருக்கு நேரே வைத்தா.