ஃப்ளோரியன் டூடெக்கின் ஊதா இறகு

ஃப்ளோரியன் டூடெக்கைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்காதா என்று இருபத்தாறு வருஷம் தேடியவன் நான். கிடைக்கவில்லை. அந்த எரிச்சலோடுதான் இதைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் எங்கள் ஊரில் காகித ஆலைக்கு அடுத்தபடி பெரியது எங்கள் கத்தோலிக்க சகோதர சங்கம். ஃப்ளோரியன் பள்ளிக்கூடத்தில் கட்டடத்தைச் சூடாக்கும் கொதிகலனைப் பார்த்துக்கொண்டவன். தட்டைப் பாதம் என்று ராணுவம் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டது. நானோ இரண்டு வருஷம் சீருடை போட்டவன். கிடங்கில் போர்வை எண்ணினேன் என்றாலும் சீருடை சீருடைதானே? ஆனால் சங்கத்தின் வாள் அணிக்குத் தலைவன் யார்? அவன். தேசிய விழா, சாவு, ஊர்வலம் எதுவானாலும் மேலங்கியும் வாளும் இறகுத் தொப்பியுமாகப் பன்னிரண்டு பேர் நடப்போம். எங்களுக்கெல்லாம் வெள்ளை இறகு. தலைவனுக்கு மட்டும் ஊதா. துணைத் தலைவன் கிளெமென்ட் ரைபக்காகிய நான் அந்த ஊதா இறகைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே நடந்தேன்.

பள்ளிக்கூட வாசலில் சிக்னல் விளக்கு வேண்டும் என்று நகரசபைக்கு மூன்று வருஷம் மனுக் கொடுத்தோம். யாரும் கண்டுகொள்ளவில்லை. தவக்காலத்து வெள்ளிக்கிழமை மீன் விருந்தில், கையில் பீரோடு நான்தான் சொன்னேன்:

“பேசாம வாளும் தொப்பியுமா நாமளே ரோட்டக் கடப்போம்யா. எவன் வண்டி நிக்காமப் போகுதுன்னு பாப்போம்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஃப்ளோரியன் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை காலை ஏழரைக்குப் பன்னிரண்டு பேரையும் சாலையில் நிறுத்திவிட்டான். முன்னால் தேசியக் கொடி, நடுவில் பிள்ளைகள், இருபக்கமும் நாங்கள். ஆமை மாதிரி கடந்தோம். ஐந்து நாள் இதே கூத்து. ஆலைக்குப் போகிற வண்டிகள் ஆற்றுப் பாலம் வரைக்கும் நின்றன. கொடியைப் பார்த்து ஹாரன் அடிக்க எவனுக்கும் துணிச்சல் வரவில்லை. ஐந்தாம் நாள் மேயரே இறங்கி வந்தார்.

“போதும்யா ஃப்ளோரியன், மானத்த வாங்காதே. விளக்கு வருது.”

பத்திரிகையில் படம் போட்டார்கள். முழுப் படமும் ஃப்ளோரியன். ஓரத்தில் ஒரு வாள் நுனி தெரியும். அது என்னுடையது.

அதற்குப் பிறகு ஊரில் எது நடந்தாலும் அவனைக் கேட்காமல் நடக்காது. போர் நினைவுக் கல்லில் எந்தப் பெயர் முதலில் வர வேண்டும், நூலகத்துக் கொடிக்கம்பம் எத்தனை அடி என்பதெல்லாம் அவன் வாக்குத்தான். என் வீட்டு வேலிக்கு வர்ணம் அடிக்கப்போனால் என் பெண்டாட்டி இர்மினா, “எதுக்கும் ஃப்ளோரியன ஒரு வார்த்தை கேட்டுட்டு அடிங்களேன்” என்றாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

தொண்ணூற்றெட்டு அக்டோபரில் ஸ்டாஷ் க்ரப்ஸ்கி செத்துப்போனார். கொரியப் போரில் காலில் குண்டு வாங்கியவர். ஊரே கோயிலுக்கு வந்துவிட்டது. படைவீரரின் சவப்பெட்டி மேல் தேசியக் கொடி போர்த்திக் கொண்டுவருவோம். கோயில் வாசலில் அதை எடுத்துவிட்டு வெள்ளைத் துகில் போர்த்த வேண்டும். உள்ளே ஆண்டவர் முன்னால் படைவீரரும் ஒன்றுதான், பால்காரரும் ஒன்றுதான். பூசை முடிந்ததும் வாசலுக்குள்ளேயே துகிலை எடுத்துவிட்டு மறுபடி கொடி. நட்சத்திரம் உள்ள நீலப் பக்கம் தலைமாட்டில் வர வேண்டும். இதை விரிப்பது தலைவனும் துணைத் தலைவனும். மற்றவர்கள் வெளியே படிக்கட்டில் வாளை உயர்த்தி நிற்பார்கள்.

அன்றைக்கு ஃப்ளோரியன் நீலப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கால்மாட்டில் போய் நின்றான். நான் மறுமுனையோடு தலைமாட்டில் நின்றேன். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காத்து நின்றான். ‘டேய், மாறிப்போச்சு’ என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் என் வெள்ளைக் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊதா இறகு கண்ணுக்கு முன்னால் ஆடியது. அவன் கொடியை விரித்தான். நானும் விரித்தேன்.

பெட்டி கால் முன்னதாக வெளியே வந்தது. மேயர், பழைய படைவீரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோர் கண்ணிலும் முதலில் பட்டது நட்சத்திரங்கள். “ஐயோ, தலைகீழா இருக்குய்யா!” என்று ஒரு கிழவர் கத்தினார். ஸ்டாஷின் மனைவி லோட்டி பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

“அவர் வாழ்க்கையில கேட்ட ஒரே மரியாத இதுதானே ஃப்ளோரியன்! இதக்கூட ஒழுங்காப் பண்ண மாட்டியா?”

அன்று சாயங்காலமே சங்கத்தில் கூட்டம். ஃப்ளோரியன் எழுந்து, “என் கண்ணு ரெண்டு வருஷமா சரியில்ல. மறைச்சது தப்பு. தொப்பிய விட்டுடறேன்” என்றான். பொருளாளர் என் பக்கம் திரும்பினார்.

“உனக்குக் கண்ணு இருக்கே கிளெம். மறுமுனைய நீதானே பிடிச்சே?”

ஃப்ளோரியன் முந்திக்கொண்டான்.

“அவன் பாத்திருந்தா சொல்லாம இருப்பானா? அடுத்த தலைவன் அவன்தான். கையத் தூக்குங்க.”

எல்லோரும் கையைத் தூக்கினார்கள்.

மறுநாள் தொப்பியை வாங்க அவன் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசைமேல் பெட்டியோடு எடுத்து வைத்திருந்தான். எனக்குத் தாங்கவில்லை.

“ஃப்ளோரியன், நான் பாத்தேன்டா.”

“தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“எனக்குப் பின்னால நின்னு எப்பவும் தொண்டையக் கனைப்பே. கோணலா நின்னாச் சத்தமாக் கனைப்பே. நேரா நின்னாலும் மெல்லக் கனைப்பே. கண்ணு போனதுலேர்ந்து அத வெச்சுத்தான் ஓட்டிட்டிருந்தேன். அன்னிக்கும் அதுக்குத்தான் காத்து நின்னேன். சத்தமே வரல. ஏன்னு வெளியே வந்தப்பத்தான் புரிஞ்சது.”

“அப்புறம் ஏன் என்னத் தலைவனாக்கினே?”

“மத்தவனுக்கெல்லாம் அது வெறும் தொப்பி. நீ ஒருத்தன்தான் அதுக்காகப் பாவம் பண்ற அளவுக்கு ஆசப்பட்டவன். பத்திரமா வெச்சுக்குவே. லோட்டிகிட்ட மட்டும் நீயே போய்ச் சொல்லிடு.”

திட்டியிருந்தால் தொப்பியை வைத்துவிட்டு வந்திருப்பேன். அவன் திட்டவில்லை, நான் எடுத்துக்கொண்டு வந்தேன். லோட்டி வீடு எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி. ஒன்பது வருஷம் ஊதா இறகு போட்டேன். அவள் வீட்டுப் படி ஏறவில்லை.

போன மாதம் ஃப்ளோரியன் போய்விட்டான். திறந்த பெட்டிக்கு இரண்டு பக்கமும் வாளோடு இருவர் காவல் நிற்பது எங்கள் வழக்கம். தலைமாட்டில் நான் நின்றேன். லோட்டி கைத்தடி ஊன்றி வந்தாள். பெட்டிமேல் குனிந்து அவன் கையைத் தொட்டாள்.

“எங்க ஸ்டாஷுக்குப் பண்ணினத நான் எப்பவோ மன்னிச்சுட்டேன் ஃப்ளோரியன். உயிரோட இருக்கறப்பவே சொல்லியிருக்கணும். நிம்மதியாத் தூங்கு.”

எனக்குச் சேர வேண்டிய மன்னிப்பு அது. அதையும் அவனே கொண்டுபோகிறானே என்று வயிறு எரிந்தது. அவள் நிமிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் தொப்பியைப் பார்த்துத் தலையசைத்தாள். காவல் நிற்பவன் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. நான் விதியைக் காப்பாற்றினேன்.