கோவளம் போக நிரப்பிய படிவம்

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அரூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கணவர் மொரப்பூர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தெருவில் வாடகை வீடு. நாங்கள் இரண்டு பேருமே அதுவரை கடலைப் பார்த்ததில்லை.

எங்கள் வேலையில் எல்.டி.சி. என்று ஒரு சலுகை உண்டு. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் போய் வரலாம், பயணச் செலவை அரசாங்கமே கொடுத்துவிடும். என் முறை வந்திருந்தது. அந்தச் சமயம் பார்த்து, கூட வேலை செய்த ஒரு அக்கா சேலத்திலிருந்து ஒரு டூர் நோட்டீஸ் கொண்டுவந்து கொடுத்தார். வழவழப்பான தாள். நீலமாகக் கடல், சாய்ந்த தென்னை மரம், மணலில் இரண்டு நாற்காலி. தம்பதிகளுக்கு மட்டும், ஏழு நாள். ரயில், கடலைப் பார்த்த ரூம், மூன்று வேளைச் சாப்பாடு, படகு சவாரி, நீச்சல் பழகிக் கொடுப்பது எல்லாம் அதிலேயே அடக்கம். ஒரு தடவை பணம் கட்டிவிட்டால் அங்கே போய் எதற்கும் பையைத் திறக்க வேண்டியதில்லை. கோவளம், கோவா, பூரி என்று மூன்று ஊர் போட்டிருந்தார்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ட்ரங்க் கால் வராத நேரத்தில் நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு மூன்று ஊரையும் எழுதிவைத்தேன். எத்தனை மணி நேர ரயில், என்ன சாப்பாடு, எந்த மாதம் மழை இருக்காது என்று யார் யாரையோ கேட்டு நிரப்பினேன். திருவனந்தபுரம் எக்ஸ்சேஞ்சில் லைனில் வந்த ஒரு பெண்ணிடம்கூட, கோவளத்தில் அலை பெரிதாக இருக்குமா என்று கேட்டேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு, நான் அங்கே போய்ப் பத்து வருஷமாச்சு என்றாள். கடைசியில் கோவளம்தான் என்று முடிவு பண்ணினேன்.

ஆனால் வீட்டுக்காரர் பிடிகொடுக்கவே இல்லை. நோட்டீஸைக் காட்டினால் நன்றாக இருக்கிறது என்பார். எப்போது போகலாம் என்றால், "பாக்கலாம்மா" என்பார். பேப்பர் திருத்தணும், லீவு கிடைக்காது, இரவு ரயில் ஒத்துக்காது என்று நாளுக்கு ஒரு காரணம். கோவளம் வேண்டாமென்றால் கோவா போகலாம் என்றேன். அதற்கும் அதே பதில்.

எனக்குள் வேறு கணக்கு ஓட ஆரம்பித்தது. இந்த மனுஷனுக்கு என்னோடு ஏழு நாள் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை. வீட்டில் வற்புறுத்திக் கட்டி வைத்திருக்கிறார்கள். வேறு யாரையோ மனதில் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறார். இப்படி யோசித்து யோசித்து, குளிக்கிற இடத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன். அவரிடம் நேராகக் கேட்கும் தைரியம் மட்டும் வரவில்லை. அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

கடைசியில் ஒரு வேலை செய்தேன். டூர்க்காரர்களுக்கு அனுப்ப வேண்டிய படிவத்தை நானே நிரப்பினேன். அதில் உடம்பைப் பற்றி ஒரு பகுதி இருந்தது. இருதய நோய் உண்டா, ஆஸ்துமா உண்டா, வலிப்பு உண்டா என்று வரிசையாகக் கேள்வி. எல்லாவற்றுக்கும் மளமளவென்று இல்லை, இல்லை என்று எழுதி, அவர் கையெழுத்தையும் நானே போட்டேன். எட்டு மாதத்தில் அவர் கையெழுத்து எனக்கு அத்துப்படி. திங்கட்கிழமை தபாலில் சேர்ப்பதாக எண்ணம். அதற்கு முன்னால் ஒரு நல்ல இடமாகப் பார்த்து விஷயத்தைச் சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்துவிடலாம் என்று, ஒகேனக்கல் போக ஏற்பாடு செய்தேன். ஞாயிறு என்றால் மாதா கோயில் பூசை தவறிவிடும். அதனால் சனிக்கிழமை.

பொங்கல் கழிந்து இரண்டு வாரம் இருக்கும். விடிவதற்குள் கிளம்பி தர்மபுரி, பென்னாகரம் என்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். அவர் பஸ்ஸில் கண்ணை மூடவே இல்லை. அதற்கு முந்தின இரண்டு நாளும் தூங்காமல் பரீட்சைப் பேப்பர் திருத்தியிருந்தார். முகம் வெளுத்திருந்தது. நான் அதைக் கவனித்தேன். என்னோடு வர இஷ்டமில்லாத முகம் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

ஆற்றில் தண்ணீர் குறைவு. பரிசல் விட்டுக்கொண்டிருந்தார்கள். பரிசலில் போகலாம் என்றேன். அவர் தயங்கினார். "நீ போய்ட்டு வா, நான் இங்கயே உக்காந்திருக்கேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அக்கம்பக்கத்தில் ஆள் நிற்பதையும் பார்க்காமல், "சின்னப் புள்ளைங்ககூட ஏறுதுங்க. ஒரு ஆம்பளைக்கு இவ்வளவு பயமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

பரிசல்காரருக்கு எங்களைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். கன்னடம் கலந்த தமிழ். நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். இரண்டு பக்கமும் பாறைச் சுவர் உயர்ந்து நிற்க, நடுவில் பரிசல் மெதுவாகப் போனது. தண்ணீரில் வெயில் பட்டுக் கண் கூசியது. கைப்பையைத் திறந்து அந்தப் படிவத்தை எடுக்கப் போனேன். அப்போது அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலும் இல்லாமல் கத்தலும் இல்லாமல், அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. திரும்பினால் கண் மேலே சொருகி, உடம்பு கட்டையாக விறைத்து, பரிசலின் விளிம்புப் பக்கம் சாய்கிறார்.

நான் அலறிக்கொண்டு எழுந்தேன். பரிசல் ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது.

"உக்காரும்மா! எந்திரிச்சா மூணு பேரும் போயிருவோம்" என்று பரிசல்காரர் அதட்டினார். உட்கார்ந்தேன். அவர் துடுப்பை விட முடியாது. அந்த இடத்தில் தண்ணீர் இழுப்பு அதிகம். அதனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒவ்வொன்றாகச் சொன்னார். "இடுப்பப் புடிச்சு உள்ள இழுங்க. ஆங். தலைய மடியில வைங்க. ஒருக்களிச்சுத் திருப்புங்க, வாயில இருக்கறது வெளிய வரட்டும்."

அதற்குள் கை கால் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்திருந்தது. நான் ஒரு கையால் அவர் கைகளை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பையில் வீட்டுச் சாவியைத் தேடினேன். வலிப்பு வந்தால் இரும்பைக் கையில் கொடுக்க வேண்டும் என்று யாரோ சொல்லிக் கேட்ட ஞாபகம்.

"சாவி கீவி ஒண்ணும் வேணாம்மா. அமுக்காதீங்க, கை ஒடிஞ்சிரும். தலை மட்டும் அடிபடாமப் பாத்துக்கங்க. அதுவா நிக்கும். சொல்ப பொறுங்க, சொல்ப."

ஒரு இரண்டு நிமிஷம் இருந்திருக்கும். எனக்கு அது ஒரு நாள். இயேசுவே, இயேசுவே என்பதைத் தவிர வேறு வார்த்தை வாயில் வரவில்லை. வெட்டு நின்று, அவர் குறட்டை மாதிரி மூச்சு விட ஆரம்பித்தபோது பரிசல் ஒரு மணல் திட்டில் தட்டியது.

இரண்டு பேருமாக அவரைத் தூக்கி நிழலில் படுக்க வைத்தோம். பரிசல்காரர் தோளில் இருந்த துண்டை நனைத்து அவர் முகத்தைத் துடைத்தார். சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டார். இது செத்துப் போவதற்கு அறிகுறியா என்று நான் கேட்டேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"அய்யோ, இல்லம்மா. எம் பொண்டாட்டிக்கும் இது இருக்குது. ரெண்டு புள்ள பெத்துட்டா. ஆடு மேய்க்கப் போறா, வர்றா. ஆத்துக்கு மட்டும் தனியா வுட மாட்டேன். தருமபுரி டாக்டரு மாத்திரை குடுக்கறாரு. அது தவறுனாத்தான் வரும். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்றேன். அவர் கொஞ்சம் தள்ளிப்போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அன்றைக்குச் சனிக்கிழமைக் கூட்டம். கரையில் ஆள் காத்திருந்தது. எங்களுக்காக ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தத் திட்டிலேயே இருந்தார்.

கணவர் கண் விழித்ததும் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு நனைந்திருந்த தன் வேட்டியைப் பார்த்தார். பத்து நிமிஷம் எதுவும் புரியாத மாதிரி இருந்தார். பிறகு புரிந்துவிட்டது. முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

பதினைந்து வயதிலிருந்து இருக்கிறதாம். மாத்திரையைப் பள்ளிக்கூட மேஜையில், காம்பஸ் பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறார். அந்த வாரம் மாத்திரை தீர்ந்து, சேலம் போய் வாங்க நேரமில்லாமல் விட்டுவிட்டார். எனக்கு முன்னால் இரண்டு இடத்தில் பெண் பார்த்து, உண்மையைச் சொன்னதும் அவர்கள் விலகிவிட்டார்கள். மூன்றாவது இடத்தில் சொல்ல வேண்டாம் என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறார்கள். மூன்றாவது இடம் நான்.

"கோயில்ல மூணு வாரம் ஓலை படிச்சாங்கல்ல, இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிஞ்சவங்க சொல்லலாம்னு? ஒவ்வொரு வாரமும் நானே எந்திரிச்சுச் சொல்லிரலாம்னு நெனச்சேன். கால் வரல" என்றார்.

ராத்திரி ரயிலில் தூக்கம் கெட்டால் வரும். படகில் வந்தால் என்ன ஆகும்? நீச்சல் கூடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். நான் ஆசை ஆசையாக நோட்டீஸில் அடிக்கோடு போட்டிருந்த ஒவ்வொன்றும் அவருக்கு ஒவ்வொரு பயம்.

எனக்குக் கோபம் வந்தது. மறைக்கவில்லை. ஏமாற்றிவிட்டீர்கள் என்று சொன்னேன். ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியிலேயே வேறொன்றும் இருந்தது. இதை எப்படிச் சொல்வது? இத்தனை நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல்லை யாரோ எடுத்துப் போட்ட மாதிரி இருந்தது. இவருக்கு என்னைப் பிடிக்காமல் இல்லை. வேறு யாரும் இல்லை. நான் எங்கே விட்டுவிட்டுப் போய்விடுவேனோ என்றுதான் இவ்வளவும்.

கைப்பையில் இருந்த படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். பாதி நனைந்திருந்தது. வலிப்பு உண்டா, இல்லை. கீழே அவருடைய கையெழுத்து. அதைப் படித்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்னக் கேக்காமயே என்னயக் குணமாக்கிட்டியா?" என்றார். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

ஊருக்குத் திரும்பி, மாமியாரிடம் சண்டை போட வேண்டும் என்று போனேன். அவர் மழுப்பவில்லை. "சொல்லியிருந்தா நீ வந்திருப்பியாம்மா?" என்று மட்டும் கேட்டார். வந்திருப்பேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பொய் சொல்லக் கூடாது என்று மூடிக்கொண்டேன்.

அடுத்த வாரம் இரண்டு பேரும் சேர்ந்தே சேலத்து டாக்டரைப் பார்த்தோம். ஐந்தாறு வருஷமாகத் தனியாக வந்துபோன மனுஷன் மனைவியோடு வந்ததில் டாக்டருக்குச் சந்தோஷம். கடலுக்குப் போகக் கூடாதா என்று கேட்டேன். யார் சொன்னது, தாராளமாகப் போங்கள் என்றார். மாத்திரை தவறக் கூடாது, தூக்கம் கெடக் கூடாது, பட்டினி கூடாது, கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கக் கூடாது. அவ்வளவுதான்.

அப்படியே டூர் ஆபீசுக்கும் போனோம். புதுப் படிவம் வாங்கி, இந்தத் தடவை அவரே நிரப்பினார். வலிப்பு உண்டா என்ற இடத்தில் உண்டு என்று எழுதினார். அங்கிருந்தவர் படித்துவிட்டு, மரியாதையாகத்தான், எங்களால் பொறுப்பேற்க முடியாது சார் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இவர் முகம் செத்துப்போனது. பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது நான் சொன்னேன், "வுடுங்க. நமக்கு ஏத்த மாதிரி நாமளே ஒண்ணு பாத்துக்கலாம்."

நோட்டில் மறுபடி கட்டம் போட்டேன். தலைப்புகள் இப்போது வேறு: பகல் ரயில், கீழ்த்தளத்தில் ரூம், பக்கத்தில் டாக்டர், நேரத்துக்குச் சாப்பாடு. கோவளம், கோவா, பூரி மூன்றும் அடிபட்டுப் போய், மகாபலிபுரம் நின்றது. மொரப்பூரில் காலை ரயில் ஏறினால் மதியம் மெட்ராஸ், அங்கிருந்து பஸ்ஸில் இருட்டுவதற்குள் போய்விடலாம். கடலோரத்தில் ஒரு சின்ன விடுதி. மூன்று வேளைச் சாப்பாட்டோடு சேர்த்தே ரூம் கொடுத்தார்கள். ஒரு அம்மாள் நடத்தினார்.

மே மாதம் போனோம். ரெஜிஸ்டரில் பெயர் எழுதிவிட்டு நிமிர்ந்த என் கணவர், "அம்மா, ஒரு விஷயம் சொல்லணும். எனக்கு வலிப்பு வர்றதுண்டு" என்றார். நான் சொல்லச் சொல்லவில்லை. அவராகவே சொன்னார்.  அந்த அம்மாள் சாவிக் கொத்தில் விரலை ஓட்டியபடியே, "அப்போ பாத்ரூம் தாழ்ப்பாள் போடாதீங்க. எட்டு மணிக்கே சாப்பாடு கொண்டாரச் சொல்றேன். மீன் சாப்பிடுவீங்கள்ல?" என்றார். அவ்வளவுதான்! இதற்காகவா இவர் பத்து வருஷம் பயந்து செத்தார் என்று இருந்தது.

அன்று சாயங்காலம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றேன். அலை வந்து காலடி மணலை உருவிக்கொண்டு போகும்போது இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கத்தினோம். ஐந்து நாள் இருந்தோம். படகில் ஏறவில்லை, நீச்சல் பழகவில்லை. மணலில் உட்கார்ந்து, எட்டு மாதம் பேசாததையெல்லாம் பேசினோம்.

அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் அந்த நோய் நாலைந்து தடவைதான் எட்டிப் பார்த்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் இருந்திருக்கிறார். ஒகேனக்கல் தண்ணீரில் எங்களைக் கவிழாமல் கொண்டுபோய்ச் சேர்த்த, நாங்கள் பெயர்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளாத அந்த மனுஷரை நினைத்து, இன்றைக்கும் நான் நிம்மதியாக ஒரு மூச்சு விட்டுக்கொள்கிறேன்.